கண்ணுக்கு மறையும்வரை

எங்கள் ஊரில் கப்பலை வழியனுப்புவதற்கு ஒரே ஒரு விதிதான். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை கையை இறக்கக் கூடாது.

பெரிய சிரமம் இல்லை. உனோசாக்கி துறைமுகத்துக்கு வெளியே இடப்பக்கம் முனை இருக்கிறது. கப்பல் அலைத்தடுப்புச் சுவரைக் கடந்து முனையைச் சுற்றித் திரும்பினால் புகைபோக்கி மட்டும் கொஞ்சம் தெரியும். பிறகு அதுவும் போய்விடும். ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம். கையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

விதியைக் கொண்டுவந்தவர் ஒகினோ அம்மாள். கடற்கரை விடுதி அவருடையது. வழியனுப்பும் சங்கத்தின் தலைவியும் அவர்தான். அவருடைய விடுதியில் விருந்தாளியின் கார் மறையும்வரை பணிப்பெண்கள் வாசலில் நின்று கையாட்டுவார்கள். எல்லா விடுதிகளிலும் அப்படித்தான். ஆனால் ஒகினோ அம்மாளின் விடுதிக்கு முன்னால் சாலை வயல்களுக்கு நடுவே நேராகப் போகிறது. கார் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போவதற்குள் அடுத்த விருந்தாளி காரைக் கிளப்பிவிடுவார். பணிப்பெண்கள் மதியம்வரை வாசலிலேயே நின்றார்கள். ஒரு வருடம் அவர் சாலையோரமாக மூங்கில் நட்டார். இப்போது கார் மூங்கிலுக்குப் பின்னால் போனதும் எல்லோரும் உள்ளே போகிறார்கள். விதி மீறப்படவில்லை.

கடலில் மூங்கில் நட முடியாது. முனை இருக்கிறது, அது போதும் என்று நினைத்திருந்தோம்.

உல்லாசக் கப்பல் வசந்தத்தில் ஒரு தடவை வரும், இலையுதிர் காலத்தில் ஒரு தடவை வரும். நான் நகராட்சி அலுவலகத்தில் சுற்றுலாப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பெயர் மினேகிஷி. பிரிவில் இன்னொருவர் குவாபரா, அதன் தலைவர். கப்பல் வரும் நாளில் அவர் துறைமுகத்தில் நிற்பார், நான் பேருந்தில் ஏறுவேன். கப்பலில் வருகிறவர்களுக்குக் கரையில் ஒரு பகல் கிடைக்கும். அதற்குள் கலங்கரை விளக்கம், கோட்டை இருந்த இடம், சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் ஆலை, மதியச் சாப்பாடு. கோட்டை இப்போது இல்லை. இருந்த இடம் இருக்கிறது. அங்கே பேருந்தை நிறுத்தி, இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டும். வழியில் ஒரு பாட்டும் பாட வேண்டும். பாடினேன். கைதட்டினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தவர் இசோகாய். பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். கூட யாராவது வர வேண்டுமா என்று கேட்டேன். மனைவி கப்பலில் இருக்கிறாள், வர மாட்டாள் என்றார். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கிவிட்டால் கப்பலின் குளியல் கூடம் காலியாக இருக்குமாம். அவளுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டே வெந்நீரில் கிடக்க வேண்டும். அவருக்கு மண்ணில் நடக்க வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்திலும் இவர் இறங்குவார், அவள் குளிக்கப் போவாள். நடுக்கடலில் அவர் மேல்தளத்தில் நின்று கரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். ஓய்வு பெறும்வரை லிஃப்ட்டுகளைப் பரிசோதிக்கும் நிறுவனத்தில் இருந்திருக்கிறார்.

கலங்கரை விளக்கத்தில் மற்றவர்கள் படியேறிப் போனார்கள். இசோகாய் கீழே பெஞ்சில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எதிரே ஒரு மேடும் அதன்மேல் ஒரு பெர்சிமன் பழ மரமும்தான். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கைடம்மா, இங்கேர்ந்து எங்க ஊருக்கு, சைதாமாவுக்கு, ரயில் இருக்கா?"

சாயங்காலம் ஒன்று இருக்கிறது, இரண்டு இடத்தில் மாற வேண்டும் என்றேன். தலையசைத்தார். தான் கப்பலுக்குத் திரும்பப்போவதில்லை என்றார். அந்தச் சாப்பாட்டு மேசையில் இனிமேல் உட்கார முடியாதாம். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் சொன்னார்.

கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு எப்போதும் அதே மேசைதான். கூடவே ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். முந்தின நாள் பேச்சு சாப்பாட்டைப் பற்றிப் போயிருக்கிறது. இசோகாய் வேலையில் இருந்த காலம் முழுவதும், கோடையிலும் குளிர்காலத்திலும் போனஸ் வந்த அன்று, கரியில் வாட்டிய விலாங்கு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவர்கள் வீட்டில் வேறு கொண்டாட்டம் கிடையாது.

"முப்பது வருஷம் வாங்கிட்டுப் போயிருக்கேன். முப்பது வருஷமும் சாப்பிட்டா. நேத்து அந்த டாக்டர் சம்சாரத்துகிட்ட சொல்றா, எனக்கு விலாங்குன்னா ஆகவே ஆகாதுன்னு. சிரிச்சிக்கிட்டே சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சூப் நல்லா இருக்குன்னேன்."

மேலே போனவர்கள் விளக்கின் உச்சியிலிருந்து கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இசோகாய் தொடர்ந்தார். வீட்டுக்குப் போய், மனைவி வருவதற்குள் தன் படுக்கையை மாடி அறைக்கு மாற்றிவிடப் போகிறார். அவருடைய பழைய சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் இருக்கிறானாம். அவன் மேலே, மனைவி கீழே. செய்தித்தாள் மட்டும் மாடிப்படியில் கைமாறுகிறது. சண்டையே இல்லை. ஆனால் ஒருவருக்கொருவர் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாது.

"உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"கப்பல்காரங்ககிட்ட முறைப்படி சொல்லிடப்போறேன்."

"இல்ல, வீட்டம்மாகிட்ட."

"அவங்க சொல்லிடுவாங்க."

நானும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

மதியம் அவருக்குக் கணவாய் சாதம் பரிமாறினார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், பரிமாறிய பெண்ணைப் பார்த்து, உனக்கு இது பிடிக்குமா என்று கேட்டார். அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

துறைமுகத்தில் பேருந்து நின்றதும் எல்லோரும் வரிசையாகக் கப்பலில் ஏறினார்கள். இசோகாய் ஏணிப்படியின் அடியில் நின்ற கப்பல் பணிப்பெண்ணிடம் போய்த் தன் பெயரையும் அறையையும் சொல்லி, இங்கேயே பயணத்தை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் குனிந்து வணங்கினாள். பெட்டி என்ன ஆகும் என்று கேட்டாள். மனைவி கொண்டுவருவாள் என்றார். அவள் மறுபடியும் குனிந்தாள். முடிந்துவிட்டது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. இருந்தாலும் அவர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு கப்பல் கிளம்பும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிற ஆள் அவர் இல்லை. கரையோரமாக நின்றார். வெறும் சட்டையோடு ஒருவர் நிற்பதைக் குவாபரா பார்த்தார். கரையில் நிற்கிற எல்லோருக்கும் ஊர்ப் பெயர் போட்ட நீல அங்கி உண்டு. குவாபரா ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டு, வந்ததற்கு நன்றி என்றார். இசோகாயும் நன்றி என்றார்.

மேளம் தொடங்கியது. எங்கள் ஊர் மேளக்காரர்கள் எல்லோரும் மீனவர் சங்கத்துக்காரர்கள். தலைவர் ஷியோமி பெரிய மேளத்தை அடிப்பார். கப்பல் ஊதியது. கயிறுகளை அவிழ்த்தார்கள். நாங்கள் கையைத் தூக்கினோம். மேல்தளத்தில் வரிசையாக நின்றவர்களும் கையைத் தூக்கினார்கள். கப்பல் மெல்லத் திரும்பி, அலைத்தடுப்புச் சுவரைக் கடந்து வெளியே போனது.

போய், அங்கேயே நின்றுவிட்டது.

குவாபராவின் இடுப்பில் இருந்த வயர்லெஸ் பேசியது. அவர் வலது கையால் ஆட்டிக்கொண்டே இடது கையால் அதைக் காதில் வைத்தார். பிறகு கையாட்டிக்கொண்டே ஷியோமியிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"வலை ஒண்ணு கயிறு அறுந்து கப்பல் பாதையில வந்து கிடக்காம்."

"யாரு வலை?"

"உங்க வலை."

ஷியோமி அடிப்பதை நிறுத்தவில்லை. "அப்படியா. வழியனுப்பிட்டுப் போய் எடுத்துடறோம்."

"அதத்தான் நானும் கேக்க வந்தேன். முடிஞ்சதும் கொஞ்சம் போயிடுங்க."

"கப்பல் போனதும் போயிடறோம்."

"ரொம்ப நன்றி."

இருவரும் தலைதாழ்த்தி வணங்கிக்கொண்டார்கள். குவாபரா பாதி தூரம் திரும்பி வந்தார். நின்றார். மறுபடியும் போனார்.

"வலைய எடுத்தாத்தான் கப்பல் போகும்."

"ஆமா."

"கப்பல் போனாத்தான் நீங்க போவீங்க."

"அதுதான விதி," என்றார் ஷியோமி. "நானா போட்டேன்?"

இருவரும் ஒகினோ அம்மாளைப் பார்த்தார்கள். அவர் முன்வரிசையில் கிமோனோ மடிப்புக் கலையாமல் நின்று, மணிக்கட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அப்படி அசைத்தால் கை நெடுநேரம் தாங்கும். விடுதி நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் பக்கத்து ஊரில் கப்பல் முனையைத் தாண்டுவதற்கு முன்பே மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் அந்த ஊருக்குக் கப்பல் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நடந்த வரிசை அதுதான். கரையில் நின்ற எல்லோருக்கும் அது ஞாபகம் இருந்தது.

எனவே ஆட்டினோம். கப்பலில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். நாங்கள் ஆட்டும்போது அவர்கள் எப்படி நிறுத்துவார்கள்? பாலர் பள்ளிக் குழந்தைகள் முதலில் தாவித் தாவி ஆட்டினார்கள், பிறகு நின்றுகொண்டு, பிறகு உட்கார்ந்துகொண்டு. சாக்கே ஆலைக்காரர் ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மேளத்துக்குத் தெரிந்த தாளங்கள் தீர்ந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இசோகாயின் தொலைபேசி அப்போதுதான் அடித்தது. எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கையில் தொலைபேசி, ஒரு கை ஆட்டுகிறது, பொத்தானை அழுத்த கை இல்லை. நான் வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். எனக்கு இடது கை காலியாக இருந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றது மனைவியின் குரல். அவள் பெயர் கிகுயோ என்று திரையில் இருந்தது.

"கரையில."

"இந்தக் கரையிலயா? எதிர்க்கவா?"

"ஆமா. கையாட்டிட்டு இருக்கேன். போன கைடம்மா பிடிச்சிருக்காங்க."

"எல்லாருந்தான் ஆட்டறாங்க. எது நீங்க?"

"நீல அங்கி."

"அத்தன பேரும் நீல அங்கிதாங்க."

இசோகாய் யோசித்தார். "ரெண்டு கையையும் ஆட்டறேன், பாரு," என்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

பக்கத்தில் நின்ற சாக்கே ஆலைக்காரர் அவரைப் பார்த்தார். சங்கத்தில் ஏதோ முடிவு செய்திருக்கிறார்கள், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அவரும் இரண்டு கைகளையும் தூக்கினார். அவருக்கு அடுத்தவர் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் கரை முழுவதும் இரண்டு கைகளையும் ஆட்டியது. கப்பல்காரர்களும் இரண்டு கைகளையும் ஆட்டத் தொடங்கினார்கள்.

"இப்ப எல்லாருமே ரெண்டு கையையும் ஆட்டறாங்களே," என்றாள் கிகுயோ.

இசோகாய் கையை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே அங்கியைக் கழற்றி மடித்துக் காலடியில் வைத்தார். சாம்பல் நிறச் சட்டையோடு நின்றார்.

"ம்," என்றாள். "தெரியுது. குளிருமே."

"பரவாயில்ல."

குவாபரா அங்கியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்மா, யாரு அவரு? ஏன் கழட்டிட்டாரு?"

"பயணி சார்."

"எந்தப் பயணி?"

"அந்தக் கப்பல் பயணி."

அவர் கப்பலைப் பார்த்தார், இசோகாயைப் பார்த்தார். "அப்ப இங்க நின்னு ஏன் கையாட்டறாரு?"

"கப்பல் போகுதுல்ல சார்."

"போகலையேம்மா," என்றார். குரலில் அழுகை மாதிரி ஏதோ இருந்தது.

தொலைபேசியில் கிகுயோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் குளித்துவிட்டு மேல்தளத்துக்கு வந்து, கரையைப் பார்த்துப் பொதுவாகக் கையாட்டியிருக்கிறாள். அப்போது பணிப்பெண் வந்து, உங்கள் கணவர் இங்கேயே இறங்கிக்கொண்டார் என்று குனிந்து சொன்னாளாம்.

"வேத்து மனுஷி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"விலாங்கு பிடிக்காதுங்கறது எனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ வேத்து மனுஷிகிட்ட சொல்லித்தான்."

கப்பல் அசையவில்லை. மேளக்காரர்கள் தாளத்தை மெதுவாக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கப்பலையே பார்த்தார்கள். எதையும் கேட்கவில்லை என்பதுபோல அவ்வளவு நேராகப் பார்த்தார்கள்.

"சரி," என்றாள் கிகுயோ. "ஒண்ணுக்கு ஒண்ணு."

"ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது?"

"முப்பது வருஷம் இருந்துச்சே."

"நீங்க அந்தப் பொட்டலத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு வாசல்ல நிப்பீங்க. செருப்பக்கூட கழட்டாம நிப்பீங்க. அப்ப சொல்றதா?"

இசோகாய்க்குக் கை வலித்திருக்க வேண்டும், மாற்றிக்கொண்டார். தூரத்தில் மேல்தளத்தில் மஞ்சள் கழுத்துத்துணி கட்டிய ஒரு உருவமும் கையை மாற்றிக்கொண்டது. அதுதான் கிகுயோ என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"எப்படிச் சாப்பிட்ட?" என்றார்.

"போனஸ் அன்னிக்குச் சாயங்காலமே கறிக்கடைக்குப் போயிடுவேன். அங்க எண்ணெயில பொரிச்சு விக்கற கொரொக்கே ரெண்டு வாங்கி, கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டுடுவேன். சுடச்சுட. வயிறு நெறஞ்சிருந்தா விலாங்கு கொஞ்சம் போதும். உங்க தட்டுல பாதியத் தள்ளிடலாம்."

"நீ சிக்கனமா இருக்கேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"உருளைக்கிழங்கு கொரொக்கேவா? கறி போட்டதா?"

"உருளைக்கிழங்கு. இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க. அதுவும் ஊரே நின்னு பாக்கும்போது."

"யாரும் பாக்கல," என்றார் இசோகாய். சாக்கே ஆலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு கிகுயோ வேறு விஷயத்துக்கு வந்தாள். வலையை எடுக்க மீனவர்களுக்காகக் காத்திருப்பதாகக் கேப்டன் அறிவித்திருக்கிறாராம். கப்பலில் எல்லோருக்கும் தோள் போய்விட்டது. பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார், அவருக்குப் பதிலாக அவர் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டுகிறாள். கரையில் நிறுத்தினால் கப்பலிலும் நிறுத்தலாம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அந்த மீனவர்கள் எங்கேதான் போனார்கள்?

"இங்கதான் மேளம் அடிக்கறாங்க," என்றார் இசோகாய்.

மறுமுனையில் கிகுயோ அதைப் பல் டாக்டரின் மனைவியிடம் சொல்வது கேட்டது.

ஒகினோ அம்மாள் இருமினார். திரும்பிப் பார்க்காமல், மணிக்கட்டை அசைத்தபடியே சொன்னார்.

"ஷியோமி அண்ணே, மேளத்தத் தூக்கிப் படகுல வைங்க. அடிச்சிக்கிட்டே போங்க. கப்பலுக்குப் பக்கத்துல போய் வழியனுப்பறது மரியாதைக் குறைவு ஆகாது. போன இடத்துல வலை கிடந்தா எடுத்துப் போட்டுடுங்க."

ஷியோமி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். குறை எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் அடித்தபடியே மேளங்களைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போனார்கள். குவாபரா அவர்கள் எல்லோரையும் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கினார்.

ஷியோமி இசோகாயின் பக்கம் வந்து நின்றார். அவரும் எதையும் கேட்காதவர்களில் ஒருவர்தான்.

"பெரியவரே, படகு கப்பல் கிட்ட வரைக்கும் போகுது. பக்கவாட்டுல ஒரு கதவு உண்டு, கயித்து ஏணி விடுவாங்க. வரீங்களா? எதுக்கும் கேட்டு வைக்கறேன்."

இசோகாய் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு என் கையில் இருந்த தொலைபேசியிடம் சொன்னார்.

"படகு வருதாம். ஏத்திவிடறேங்கறாங்க."

தொலைபேசியில் காற்று மட்டும் கேட்டது. ஷியோமி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்," என்றாள் கிகுயோ.

"முட்டி தாங்கும்."

"முட்டிக்காகச் சொல்லல. நீங்க வந்தா மறுபடியும் அதே ரூம். ஒரு ஜன்னல். நீங்க கரையத் தேடிட்டு நிப்பீங்க. நான் கடலப் பாக்காம உங்க முதுகப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

இசோகாயின் கை நடுவழியில் நின்றது. அன்று கரையில் முதலில் நின்ற கை அதுதான். எனக்கு அந்த மாடி அறை ஞாபகம் வந்தது. படியில் செய்தித்தாள்.

"நாளைக்குக் காலையில அடுத்த துறைமுகம்," என்றாள் கிகுயோ. "அந்த ஊருக்கு ரயில் இருக்குமே. கைடு பொண்ணு பக்கத்துலதான இருக்கு, கேளுங்க."

நான் இருக்கிறது என்று தலையசைத்தேன். அவளுக்குத் தெரியாதே என்று "இருக்கும்மா" என்றும் சொன்னேன். கடலோரமாகவே போகிற ரயில், இரவுக்குள் அந்த ஊர், ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தங்கும் விடுதி.

"அப்ப நீங்க மண்ணு மேல வாங்க, நான் தண்ணி மேல வரேன். நாளைக்கு நான் குளிக்கப் போகல. இறங்கறேன்."

"எங்க நிப்ப?"

"நான் எதுக்கு நிக்கணும்? நீங்கதான் முன்னாடியே வந்து நிக்கப்போறீங்க. நீல அங்கி குடுத்தா வாங்கிடாதீங்க."

"மேசையில கேப்பாங்களே."

"ஊர் பாக்கப் போயிருக்காருன்னு சொல்றேன். சூப் எப்படி இருந்துச்சுன்னு நாளைக்குச் சொல்றேன்."

இசோகாய் ஷியோமியிடம் திரும்பி, மிகவும் நன்றி, ரயிலில் போகிறேன் என்றார். ஷியோமி சரி என்று படகுக்குப் போனார். இசோகாயின் கை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

படகுகள் மேளத்தோடு போயின. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே போனதும் ஒரு படகில் மட்டும் மேளம் கேட்டது, மற்றவர்கள் வலையை இழுத்தார்கள். தவறிப்போன வலை என்றாலும் அதில் மீன் இருந்தது, எடுக்க நேரமாயிற்று. கப்பல் இன்னொரு தடவை ஊதியது. நகர்ந்தது. மஞ்சள் கழுத்துத்துணி அவிழ்ந்து ஒரு கையில் ஆடியது. முனை அதை மறைத்தது. பிறகு மேல்தளம் மறைந்தது, புகைபோக்கி மறைந்தது.

கையை இறக்கினோம். சிலருக்கு இறங்கவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் பிடித்து இறக்கிவிட்டார்கள். இவ்வளவு நேரம் எந்த ஊரும் எந்தக் கப்பலையும் வழியனுப்பியிருக்காது என்று குவாபரா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். ஒகினோ அம்மாள் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூங்கிலைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இசோகாய் அங்கியைத் தட்டி, மடிப்பைச் சரிசெய்து குவாபராவிடம் கொடுத்தார். பிறகு என்னிடம், இந்த ஊரில் கறிக்கடை எங்கே என்று கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான். கடைக்காரி கொரொக்கே பொரித்துக்கொண்டிருந்தாள். இசோகாய் ஒன்று வாங்கி, கடை வாசலிலேயே நின்று, காகிதத்தோடு பிடித்துக் கடித்தார். தெருவில் நின்று சாப்பிட்டுப் பழக்கமில்லாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"கிழங்கு," என்றார். இன்னொரு கடி கடித்தார். "ஆனா விலாங்கு நெனப்புல எனக்கு இது ஞாபகமே வந்ததில்ல. வீட்டுக்குப் போற வழியிலதான் அந்தக் கறிக்கடை. தினம் தாண்டிப் போயிருக்கேன்."

இன்னும் நான்கு கட்டித் தரச் சொன்னார். காலைக்குள் ஆறிப்போகும், அந்த ஊரிலும் கறிக்கடை இருக்கும் என்றேன். அது தெரியும் என்றார். அங்கேயும் வாங்குவாராம். ஆறியது பிடிக்குமா, சுடுவதுதான் பிடிக்குமா என்று அவளிடம் கேட்க வேண்டும், அதற்கு இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்றார். லிஃப்ட் பரிசோதித்தவர் அப்படித்தான் யோசிப்பார்.

ஒற்றைப் பெட்டி ரயில் வந்து நின்றது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். இடப்பக்கம் உட்கார்ந்தார். நடைமேடையும் இடப்பக்கம்தான். ரயில் கிளம்பியதும் நான் கையைத் தூக்கினேன். தோள் வலித்தது.

அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பொட்டலத்தை மடியில் வைக்காமல் மார்புக்கு நேரே இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். கையாட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விடவில்லை. தலையை மட்டும் தாழ்த்தி வணங்கினார்.

எங்கள் ஸ்டேஷனைத் தாண்டியதும் தண்டவாளம் கடலோரம் சேரும்வரை வயல்களுக்கு நடுவே நேராகப் போகிறது. அங்கே யாரும் எதையும் நடவில்லை. நான் ஆட்டிக்கொண்டே நின்றேன்.